கேலக்ஸி மையத்துத் தூசு: ஊட்டியில் உட்கார்ந்து ப்ராஜெக்ட் செய்ய எந்த அகச்சிவப்புத் தரவு?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட் நேரத்தில் கேட்கிற கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: "ஏஜிஎன் தூசு பற்றிச் செய்யப் போகிறேன். ஜேம்ஸ் வெப் டேட்டா எடுக்கலாமா, வைஸ் போதுமா?" (ஏஜிஎன் என்பது கொளுத்தி ஒளிரும் கேலக்ஸி மையம்; ஜேம்ஸ் வெப், வைஸ் இரண்டும் அகச்சிவப்பில் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கிகள்.) கேட்கும்போதே பலருக்கு மனதில் வெப் என்று முடிவாகியிருக்கும். சரி என்ற ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருப்பார்கள். என் பதில் பெரும்பாலும் "வேண்டாம்". ஏன் என்பதையும், எப்போது அந்த "வேண்டாம்" செல்லாது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

## முதலில், எதைப் பார்க்கப் போகிறோம்

கேலக்ஸியின் நடுவில் உள்ள பெரும் கருந்துளை வாயுவை இழுக்கும்போது, அதைச் சுற்றிய தட்டு புற ஊதாவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் கொளுத்துகிறது. அப்படிப்பட்ட மையத்தைத்தான் ஏஜிஎன் என்கிறோம். சுற்றியுள்ள தூசு அந்த ஒளியை விழுங்கிச் சூடாகி, அகச்சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. கல்லட்டி ஏற்றத்தில் மூட்டத்துக்குள் எதிரே வரும் பேருந்து மாதிரி: விளக்கு தெரியாது, வெளிச்சம் பட்ட மூட்டம் தெரியும். அந்த மூட்டத்தை வைத்துத்தான் விளக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தூசு சுமார் 1500 கெல்வினுக்கு மேல் ஆவியாகிவிடும். ஆகவே கருந்துளையைச் சுற்றித் தூசே இல்லாத ஒரு பகுதி உண்டு. அதன் ஓரத்தில்தான் தூசு வளையம் தொடங்குகிறது. மையத்தின் ஒளிர்வு 100 மடங்கு கூடினால் அந்த உள் ஓரம் 10 மடங்கு தள்ளிப் போகும்.

1500 கெல்வின் தூசு 2 மைக்ரான் அருகே அதிகம் ஒளிரும். 300 கெல்வின் தூசு 10 மைக்ரானில். அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், வளையத்தின் எந்த அடுக்கைப் பார்க்கிறோம் என்று தேர்ந்தெடுப்பதுதான். தரவு தேடப் போவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

நான் பார்க்கிற அளவுகோல்கள் இவை. முதலாவது, உங்கள் கேள்வி எந்த வகை: தூசு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதா, எதனால் ஆனது என்பதா, என்ன வடிவம் என்பதா? இரண்டாவது, அந்தக் கருவியின் பிரிதிறனுக்குள் எவ்வளவு பெரிய பகுதி ஒன்றாகக் கலந்து விழுகிறது. மூன்றாவது, தரவு கையில் வந்த பிறகு அதைப் பயன்படும் எண்ணாக மாற்ற எத்தனை வாரம் போகும். நான்காவது, உங்கள் லேப்டாப், உங்கள் இணையம், ஜூன்-ஜூலையில் மரம் விழுந்தால் போகிற மின்சாரம். கடைசியாக, வைவாவில் "இது தூசுதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்.

இரண்டாவது அளவுகோலுக்கு ஒரு பொதுவான கேலக்ஸி வேண்டும். சீட்டஸ் விண்மீன் குழுவில் சுமார் 4.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் என்ஜிசி 1068-ஐ எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறைக்கே அதுதான் முன்மாதிரி. 1985-இல் ஆண்டனூச்சியும் மில்லரும் இதன் ஒளிமுனைவாக்கத்தை (போலரைசேஷன்) அளந்து, தூசுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மையத்தின் அகன்ற நிறமாலைக் கோடுகளைக் கண்டார்கள். அகன்ற கோடுகள் தெரியும் முதல் வகை, தெரியாத இரண்டாம் வகை என்ற இரண்டு வகை ஏஜிஎன்களும் அடிப்படையில் ஒன்றே, நாம் பார்க்கும் கோணம்தான் வேறு என்ற ஒருங்கிணைந்த கொள்கை அதில் வேர் விட்டது.

| வழி | அலைநீளம் (மைக்ரான்) | என்ஜிசி 1068-இல் பிரிந்து தெரியும் சிறிய அளவு | உங்களிடம் கேட்பது | பொருந்தும் கேள்வி |
|---|---|---|---|---|
| வைஸ், நியோவைஸ் | 3.4, 4.6 (முதலில் 12, 22-உம்) | சுமார் 1,300 ஒளியாண்டு | சாதாரண லேப்டாப், கொஞ்சம் பைதான் | எவ்வளவு தூரம்? மாறுகிறதா? |
| ஸ்பிட்சர் நிறமாலை | 5 முதல் 38 | சுமார் 800 ஒளியாண்டு | சாதாரண லேப்டாப், மாதிரிகளைப் படிக்கும் பொறுமை | எதனால் ஆனது? |
| ஜேம்ஸ் வெப், மிரி | 5 முதல் 28 | 10 மைக்ரானில் சுமார் 75 ஒளியாண்டு | நல்ல கணினி, நல்ல இணையம், அனுபவமுள்ள கைடு | வளையத்துக்கு வெளியே என்ன நடக்கிறது? |
| பரனால் குறுக்கீட்டுமானி | 2 முதல் 13 | 1 முதல் 4 ஒளியாண்டு | ஃபூரியே கணிதத்தில் பிடிப்பு | என்ன வடிவம்? |
| இந்தியத் தொலைநோக்கிகள் | 1 முதல் 2.5 | சுமார் 300 ஒளியாண்டு | விண்ணப்பம், காத்திருப்பு, அதிர்ஷ்டம் | சூடான உள் ஓரம் மாறுகிறதா? |

என்ஜிசி 1068-இன் சூடான உள்வளையத்தின் ஆரம் 0.8 ஒளியாண்டுதான். அட்டவணையின் மூன்றாவது பத்தியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்க்கும் குறுக்கீட்டுமானியைத் தவிர எதற்கும் வளையம் தனியாகப் பிரிந்து தெரியாது. வெப்புக்கும் தெரியாது.

## வைஸ், நியோவைஸ்

வெறும் 40 செ.மீ. தொலைநோக்கி. 2009 டிசம்பரில் ஏவப்பட்டது. 2010-இல் வான் முழுவதையும் நான்கு அலைநீளங்களில் பார்த்தது. குளிரூட்டி தீர்ந்து, 2011-இல் தூங்க வைத்தார்கள். 2013 டிசம்பரில் சிறுகோள் தேட எழுப்பி, நியோவைஸ் என்று பெயர் மாற்றி, 2024 ஜூலை வரை ஓட்டினார்கள். நமக்குக் கிடைத்த லாபம்: வானின் ஒவ்வொரு இடத்துக்கும் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 20-க்கும் மேற்பட்ட தடவை அளந்த 3.4, 4.6 மைக்ரான் ஒளிர்வு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அகச்சிவப்புத் தரவுக் காப்பகமான ஐஆர்எஸ்ஏ தளத்தில் ஆயத்தொலைவைக் கொடுத்தால் அட்டவணையாக இறங்கும். கோத்தகிரியில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலே போதும்.

இதை வைத்து இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, நிறத்தை வைத்து ஏஜிஎன்னைப் பொறுக்குவது: 3.4 மைக்ரான் பருமனிலிருந்து (மேக்னிடியூட், ஒளிர்வைச் சொல்லும் எண்) 4.6 மைக்ரான் பருமனைக் கழித்தால் 0.8-க்குக் குறையாமல் வரவேண்டும் என்பது 2012-இலிருந்து புழங்கும் விதி. இதை மட்டுமே ப்ராஜெக்டாக எடுக்காதீர்கள். ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். அதோடு கேலக்ஸியின் விண்மீன் ஒளி 3.4 மைக்ரானில் கலந்துவிடுவதால் மங்கலான ஏஜிஎன்கள் இந்த வலையில் சிக்குவதே இல்லை.

இரண்டாவது வேலைதான் எனக்குப் பிடித்தது. மையத்தின் ஒளி கூடினால், தூசு உடனே அதற்குப் பதில் சொல்வதில்லை. ஒளி வளையத்தைப் போய்ச் சேர எடுக்கும் நேரம் கழித்தே அகச்சிவப்பு கூடும். அந்தத் தாமதத்தை அளந்தால் வளையத்தின் ஆரம் கிடைக்கிறது. 1,300 ஒளியாண்டை ஒரே புள்ளியாகப் பார்க்கும் கருவியிலிருந்து ஓர் ஒளியாண்டு அளவு வெளியே வருகிறது, ஏனென்றால் இங்கே இடத்துக்குப் பதிலாகக் காலத்தைப் பிரிக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஏற்ற இறக்கத்துக்கு வானைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் திட்டங்களில், 2018-இலிருந்து இயங்கும் இசட்டிஎஃப் தரவும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஏசாஸ்-எஸ்என் தரவும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்து, எத்தனை நாள் நகர்த்தினால் ஒத்துப்போகிறது என்று குறுக்குத் தொடர்புக் கணக்குப் போட வேண்டியதுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஆறு மாத இடைவெளி என்பதால் சிறிய ஏஜிஎன்களுக்கு இது உதவாது. என்ஜிசி 4151 என்ற கேலக்ஸியில் 2 மைக்ரான் தாமதம் 30 முதல் 70 நாள் வரை மாறுகிறது என்று ஹவாய் ஹாலியாகலாவில் இருந்த 2 மீட்டர் மேக்னம் தொலைநோக்கி அளந்தது. நியோவைஸ் அதைப் பிடிக்கவே முடியாது. தாமதம் ஆண்டுக்கணக்கில் போகிற குவேசார்கள், அதாவது மிகவும் ஒளிமிக்க ஏஜிஎன்கள்தான் இதற்குச் சரி. அடுத்து, செம்பெயர்ச்சிக்கு ஏற்ப நாம் அளக்கும் தாமதம் நீண்டு தெரியும். அதைத் திருத்த மறந்தால் ஆரமே தப்பு.

மூன்றாவது, எல்லா அகச்சிவப்பும் தூசு அல்ல. பிளேசார்களில், அதாவது மையத்திலிருந்து பீய்ச்சும் தாரை நம்மை நோக்கியிருக்கும் ஏஜிஎன்களில், தாரையின் சின்க்ரோட்ரான் ஒளிதான் பெரும்பங்கு. ரேடியோவில் பலமாக ஒலிப்பவற்றைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளத்துக்குச் சரிவில் சாய்ந்து கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970-களில் நிலவு மறைப்பு முறையில் கோண அளவு கண்ட மூலங்கள் இந்த ரேடியோ வகையைச் சேர்ந்தவைதான். நம் ஊர்ப் பெருமையோடு தொடர்பு இருக்கிறதே என்று அந்தப் பட்டியலிலிருந்து கேலக்ஸி பொறுக்க ஆசை வரும். தூசு ப்ராஜெக்டுக்கு அது நல்ல தொடக்கம் அல்ல.

2025 மார்ச்சில் ஏவப்பட்ட ஸ்ஃபியர்எக்ஸ் இப்போது 0.75 முதல் 5 மைக்ரான் வரை 102 அலைநீளப் பட்டைகளில் வான் முழுவதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளக்கிறது. அந்தத் தரவும் பொதுவில் வருகிறது. நியோவைஸ் விட்ட இடத்தில் தொடர இது உதவும். ஆனால் தாமதம் அளக்க இதை மட்டும் நம்ப இன்னும் சில ஆண்டு போக வேண்டும்.

## ஸ்பிட்சர் நிறமாலை

தூசு எதனால் ஆனது என்று கேட்டால் என் கை முதலில் போவது இங்கேதான். 85 செ.மீ. கண்ணாடி உள்ள விண்வெளித் தொலைநோக்கி, 2003-இல் ஏவப்பட்டது. 2009 மே மாதத்தில் ஹீலியம் தீர்ந்து, அதோடு இந்த நிறமாலைமானியும் ஓய்ந்தது. அந்த ஆறு ஆண்டுத் தரவில் பெரும்பகுதியை ஒரே முறையில் பிரித்தெடுத்து காசிஸ் என்ற தொகுப்பாக வைத்திருக்கிறார்கள். ஒரு கேலக்ஸிக்கு ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. திறந்தால் அலைநீளம், ஒளிர்வு, பிழை என்று பத்திகள். வேறு என்ன வேண்டும்?

பார்க்க வேண்டியது 9.7, 18 மைக்ரானில் சிலிக்கேட் என்ற பாறைக் கனிமத்தின் தடம். பக்கவாட்டில் பார்க்கும் இரண்டாம் வகை ஏஜிஎன்களில் அது பள்ளமாக விழும். நேராக உள்ளே பார்க்கிற முதல் வகையில் மேடாக எழவேண்டும் என்பது பழைய கணிப்பு. வெகு காலம் அந்த மேட்டை யாரும் காணவில்லை, கொள்கையே தப்போ என்ற பேச்சும் இருந்தது. 2005-இல் ஸ்பிட்சர் குவேசார்களில் அதைக் கண்டது. அதிலும் ஒரு வேடிக்கை: மேட்டின் உச்சி பலவற்றில் 9.7-இல் நிற்காமல் 10, 11 மைக்ரான் பக்கம் நகர்ந்திருக்கிறது. துகள் பெரிதா, படிகமா, வேறு கனிமம் கலந்ததா, அல்லது கதிர் பரவலின் விளைவா? ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது கஷ்டம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், துளையின் அகலத்தில். குறுகிய அலைநீளப் பிளவு 3.6 ஆர்க் செகண்ட், நீண்ட அலைநீளப் பிளவு 10 ஆர்க் செகண்டுக்கு மேல். அருகிலுள்ள கேலக்ஸியில் இரண்டு துண்டும் ஒட்டும் இடத்தில் படி மாதிரி ஒரு குதிப்பு தெரியும். அதைப் பெருக்கி ஒட்டிச் சரிசெய்தால், வெளிப்பகுதி விண்மீன் உருவாக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டோம் என்று அர்த்தம். அதே விண்மீன் உருவாக்கம் 7.7, 11.3 மைக்ரானில் பிஏஎச் என்ற கரி வளைய மூலக்கூறுகளின் மேடுகளைப் போட்டு, நடுவில் இருக்கும் சிலிக்கேட் பள்ளத்தை இருப்பதைவிட ஆழமாகக் காட்டும்.

இன்னொரு பெரிய செலவு, மாதிரிப் பொருத்தம். கட்டிகளாலான வளையம் என்கிறது கிளம்பி என்ற மாதிரி. கட்டியும் பரவலும் கலந்தது என்கிறது ஸ்கர்ட்டார். வளையத்தோடு காற்றாக வீசும் தூசும் உண்டு என்கிறது காட்3டி-விண்ட். ஒரே நிறமாலைக்கு மூன்றும் நன்றாகப் பொருந்தி, மூன்று வேறு சாய்கோணம் சொல்லும். ஒரே ஒரு மாதிரியைப் பொருத்திவிட்டு "சாய்கோணம் 43 பாகை" என்று எழுதுகிற ப்ராஜெக்டை நான் நம்பமாட்டேன். குறைந்தது இரண்டைப் பொருத்தி, எந்த அளவு இரண்டிலும் ஒத்து வருகிறது என்று சொல்லுங்கள்.

## ஜேம்ஸ் வெப்

6.5 மீட்டர் கண்ணாடி; அதன் மிரி கருவி வானின் ஒரு சிறு கட்டத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமாலை தரும். 2022 ஜூலையில் முதல் படங்களோடு வந்த ஸ்டீஃபன் ஐவர் என்ற ஐந்து கேலக்ஸிக் கூட்டத்தில் என்ஜிசி 7319-இன் மையத்தை இப்படித்தான் பார்த்தார்கள்: சிலிக்கேட் பள்ளம், அயனியான வாயு, மூலக்கூறு ஹைட்ரஜன், எல்லாம் தனித்தனி வரைபடமாக. தரவு பொதுவில் இருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் என்ஜிசி 7319 சுமார் 30 கோடி ஒளியாண்டு தூரம். அங்கே வெப்பின் ஒரு புள்ளிக்குள் சில நூறு ஒளியாண்டு அடங்கிவிடும். வளையம் அதற்குள் ஒரு பொட்டு. வெப் உண்மையில் சிறப்பாகக் காட்டுவது அந்தப் பொட்டுக்கு வெளியே: கூம்பாகப் பீய்ச்சும் வாயு, அதோடு வெளியேறும் தூசு, சுற்றிலும் பிறக்கும் விண்மீன்கள். உங்கள் கேள்வி அதுவானால் வெப்புக்கு ஈடு கிடையாது. "வளையம் எவ்வளவு பெரிது" என்பது கேள்வியானால், இவ்வளவு பாடும் வீண்.

பாடு என்று ஏன் சொல்கிறேன்? ஒரு கேலக்ஸிக்கே மூலத் தரவு பல ஜிபி. மூலத் தரவைச் சுத்தப்படுத்தும் மூன்று கட்ட நிரல்தொடரை (பைப்லைன்) நீங்களே ஓட்ட 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப் திணறும். பிரகாசமான மையம் உணரியை நிறைத்துவிடலாம்; ஆறு முனை நட்சத்திரமாகச் சிதறும் மைய ஒளியைக் கழிக்க வேண்டும்; நிறமாலையில் குறுக்கீட்டு அலைகள் படியும், அவற்றையும் நீக்க வேண்டும். நீக்காமல் விட்டால் அந்த அலையையே ஒரு கனிமத்தின் தடம் என்று எழுதிவிடுகிற ஆபத்து இருக்கிறது. போதாததற்கு, நல்ல கேலக்ஸி ஒவ்வொன்றின் மீதும் பெரிய குழு ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு, இதே கருவியில் பழக்கமுள்ள வழிகாட்டியோடு என்றால் தாராளமாக எடுங்கள். ஆறு மாத ப்ராஜெக்டில் ஐந்து மாதம் பைப்லைனுக்கே போய்விடும்.

## பரனால் குறுக்கீட்டுமானி

சிலியில் 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கின் ஒளியைச் சேர்த்து, 130 மீட்டர் அகலக் கண்ணாடிக்குச் சமமான பிரிதிறனை எடுக்கிறார்கள். இந்தத் துறையின் பெரிய அதிர்ச்சிகள் இங்கிருந்துதான் வந்தன. 2004-இல் மிடி கருவி என்ஜிசி 1068-இல் சில பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) அளவிலான தூசைப் பிரித்துக் காட்டி வளையக் கொள்கைக்கு வலு சேர்த்தது. அப்புறம் அதே கருவி சிர்சினஸ், என்ஜிசி 3783 போன்றவற்றைப் பார்த்தபோது 10 மைக்ரான் ஒளியின் பெரும்பங்கு வளையத்தில் இல்லாமல் துருவத் திசையில் நீண்டு கிடந்தது! பாடப்புத்தக வடைப் படத்தை அதற்குப் பிறகு யாரும் நிம்மதியாக வரைய முடியவில்லை. 2020-இல் கிராவிட்டி கருவி 2 மைக்ரானில் அந்த 0.8 ஒளியாண்டு வளையத்தைப் பார்த்தது. 2022-இல் மட்டீஸ் கருவி தடித்த தூசு வளையம் ஒன்று கருந்துளையை மறைப்பதாகச் சொன்னது. கருந்துளை எங்கே இருக்கிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

தரவு ஐரோப்பியத் தெற்கு ஆய்வகத்தின் காப்பகத்தில் கிடைக்கும். ஆனால் கிடைப்பது படம் அல்ல, படத்தின் ஃபூரியே உருமாற்றத்தில் அங்கங்கே சில புள்ளிகள். ஃபூரியேவை ரசித்துப் படித்தவர், ஒரே கேலக்ஸியில் முழு ஆண்டும் செலவிடத் தயாராக இருப்பவர் என்றால் போகலாம். மற்றவர்கள் இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, முடிவுகளைத் தங்கள் ஸ்பிட்சர் பொருத்தத்துக்குக் கடிவாளமாகப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

## நாமே பார்ப்பது

என்ஜிசி 1068 ஊட்டியில் கிட்டத்தட்ட உச்சி வானத்தைக் கடந்து போகிறது. 2,200 மீட்டர் உயரம், ஜனவரி உறைபனி இரவில் கண்ணாடி மாதிரி வானம். இங்கிருந்தே பார்க்க முடியாதா? 10 மைக்ரானில் முடியாது. சுமார் 290 கெல்வினில் இருக்கும் எந்தப் பொருளும் சரியாக 10 மைக்ரானில்தான் அதிகம் ஒளிரும்: தொலைநோக்கி, கூரை, காற்று, நீங்கள் எல்லோரும். காற்றின் நீராவி வேறு மிச்ச அலைநீளங்களை அடைத்துவிடும். சாதாரணக் கேமராவின் சிலிக்கான் உணரியோ 1.1 மைக்ரானோடு குருடாகிவிடும். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகம் சூரியனுக்கானது; அதை இந்த வேலைக்கு நினைக்க வேண்டாம்.

1 முதல் 2.5 மைக்ரான் வரை வேண்டுமானால் லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டரில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கி, உத்தரகாண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி. ஹன்லேவை பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையிலிருந்தே இயக்குகிறார்கள், லடாக் போக வேண்டியதில்லை. ஆனால் நேரத்துக்கு விண்ணப்பம் போட்டு, போட்டியில் ஜெயித்து, அந்த இரவு மேகமும் இல்லாமல் இருக்க வேண்டும். தாமதம் அளக்க மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப இரவுகள் வேண்டும். ஒரு மாணவருக்கு அத்தனை இரவு கிடைப்பது அரிது. கைடுக்கு ஏற்கெனவே ஒரு கண்காணிப்புத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள், அது பெரிய வாய்ப்பு. இல்லாவிட்டால் இதை நம்பி ப்ராஜெக்ட் தொடங்காதீர்கள். 

கல்லூரியில் 8 அங்குலத் தொலைநோக்கி இருந்தால் என்ஜிசி 4151-இன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நீங்களே பிப்ரவரி, மார்ச்சில் அளக்கலாம். பயிற்சிக்கு அருமை. ஆனால் ஜோடியாக வைக்க நியோவைஸ் இனி இல்லை, இருந்தாலும் இதற்குப் போதாது. ஸ்ஃபியர்எக்ஸின் ஆறு மாத இடைவெளி இந்தக் கேலக்ஸிக்குப் போதாது.

## யாருக்கு எது

ஆறு மாதம், சாதாரண லேப்டாப், கைடு வேறு துறை: நியோவைஸ் தாமத அளவு. நம் மலைக் கல்லூரிகளில் பெரும்பாலோர் நிலைமை இதுதான். நிரல் எழுத அவ்வளவு வராது, ஆனால் கனிமங்கள், மூலக்கூறுகள், நிறமாலை பிடிக்கும் என்றால் ஸ்பிட்சர். முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் உறுதி, பின்னால் ஓர் ஆய்வுக் குழுவும் இருக்கிறது என்றால் வெப்பையோ பரனாலையோ பேசலாம்.

நியோவைஸ் என்று முடிவெடுத்தவர்கள் பாலோமார்-கிரீன் பட்டியலில் செம்பெயர்ச்சி 0.5-க்குக் கீழே உள்ள 87 குவேசார்களிலிருந்து தொடங்குங்கள். ஒளிமிக்கவை, நன்கு அறியப்பட்டவை, பலவற்றுக்கு ஸ்பிட்சர் நிறமாலையும் உண்டு. இவற்றின் தாமதங்களை 2019-இல் ஏற்கெனவே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் கணக்குச் சரியா என்று பார்க்க அது வசதி. அதற்குப் பிறகு சேர்ந்த ஐந்து ஆண்டு நியோவைஸ் அளவுகளைச் சேர்த்தால் அந்தத் தாமதங்கள் மாறுகின்றனவா என்பது உங்கள் கேள்வியாகலாம். முதல் வாரத்தில் பத்துக் குவேசார்களின் ஒளிர்வு வரைபடத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். பத்தாண்டில் அசையாமல் கிடப்பவற்றை அப்போதே கழித்துவிடலாம். ரேடியோவில் பலமானவற்றையும் அதே வாரத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சமிருப்பவற்றோடு கைடைப் போய்ப் பாருங்கள்.